மழை நல்லாப் புடிச்சிருச்சுங்க

அந்தோணி பிரகாஷை ஊரில் இன்னமும் பைலட்டு என்றுதான் கூப்பிடுகிறார்கள். பொம்மிடி ரயிலடியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறினால் போதும், "பைலட்டு வந்திருக்காரு, கொஞ்சம் நவுந்து குந்துங்க" என்று யாராவது இடம் விடுவார்கள். அவன் கடைசியாக விமானத்தில் கை வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஓட்டியதே நாலு வருஷம்தான். மிச்சக் காலமெல்லாம் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மற்ற பைலட்டுகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எழுதுகிற வேலை. இதை ஷேர் ஆட்டோவில் யாரிடம் விளக்குவது? முதல் ஐந்தாறு வருஷம் சொல்லிப் பார்த்தான். அப்புறம் அலுத்துப்போய், "ஆமாங்க, பைலட்டுதாங்க" என்று விட்டுவிட்டான்.

போன ஜூன் மாதம் ஒன்றரை மாத லீவில் ஊருக்கு வந்தான். ஐம்பத்தோரு வயது. இடுப்பில் இரண்டு ஸ்க்ரூ. கண்ணுக்குக் கீழே பை தொங்குகிறது. பெங்களூரில் நர்ஸாக இருக்கும் அவன் மனைவி அருள்ராணிதான், "உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கே கொட்டாவி வருது. போய் அண்ணன் வூட்ல நாலு நாளு தூங்கி எந்திரிச்சுட்டு வாங்க" என்று பையைக் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். தூங்கினால் தீருகிற அலுப்பாக இருந்தால் அவன் பெங்களூரிலேயே தூங்கியிருக்க மாட்டானா? ஒரே விஷயத்தை இருபது வருஷம் திருப்பித் திருப்பிச் சொல்லி, ஒருத்தனும் மாறாததைப் பார்த்த அலுப்பு அது.

அது என்ன விஷயம் என்று நீங்களாவது கேளுங்கள். மெஷின் கெட்டுப்போனால் பார்ப்பதற்கு இன்ஜினியர் இருக்கிறார். மெஷினும் நன்றாக இருந்து, பைலட்டும் படித்தவனாக இருந்து, அப்படியும் ஏன் கொண்டுபோய் மோதுகிறார்கள் என்று பார்க்கிற படிப்பு ஒன்று இருக்கிறது. ஹியூமன் ஃபேக்டர்ஸ் என்பார்கள். பிரகாஷ் எடுத்துக்கொண்டது அதில் ஒரு மூலை. பக்கத்து சீட்டில் இருக்கிற துணை பைலட்டுக்கு ஆபத்து தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் அவன் ஏன் வாயைத் திறப்பதில்லை?

விமானம் மாதிரியே செய்துவைத்த ஓர் அறைக்குள் இரண்டு பேரை உட்கார வைப்பார்கள். வெளியிலிருந்து ஒரு கோளாறைக் கிளப்பிவிடுவார்கள். துணை பைலட் அதைக் கண்ணால் பார்த்ததிலிருந்து வாயால் சொல்லும்வரை எத்தனை வினாடி என்று பிரகாஷ் எண்ணுவான். என்ன வார்த்தையில் சொன்னான் என்பதையும் எழுதுவான். "நிறுத்துங்கள்" என்று நேராகச் சொல்கிறவன் ஒரு ரகம், அபூர்வ ரகம். "நிறுத்திடலாமா சார்?" என்று கேட்கிறவன் இன்னொரு ரகம். எதையுமே கேட்காமல், "இன்னைக்கு மேகம் கொஞ்சம் கருப்பு" என்று காற்றில் விட்டுவிட்டு, கேப்டனுக்குத் தானாகப் புரியட்டும் என்று கம்மென்று உட்கார்ந்திருப்பவன் மற்றொரு ரகம். வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த படிவத்தில் இதுதான் கடைசி வரிசை. பிரகாஷ் அதற்கும் கீழே ஒரு வரிசை சேர்த்தான். எங்கள் ஆட்கள் அதற்கும் கீழே இறங்குவார்கள் என்று நிலையத்துப் பெரியவர்களிடம் வாதாடினான். சொல்ல வேண்டிய ஆளை விட்டுவிட்டு வேறொன்றிடம் சொல்வார்கள். மாமனார் காதில் விழ வேண்டியதை மருமகள் கைக்குழந்தையிடம் சொல்வாள். புருஷன் காதில் விழ வேண்டியதைப் பொண்டாட்டி கோழியிடம் சொல்வாள். அந்த வரிசைக்கு என்னென்னவோ இங்கிலீஷ் பெயர் வைத்துப் பார்த்தும் ஒத்து வராமல், தனக்குள் 'அண்ணி வரிசை' என்று வைத்துக்கொண்டான். அவன் அண்ணி மிக்கேலம்மாள் கோழியிடம் பேசுவதில் கெட்டிக்காரி.

இந்தக் கிறுக்கு அவனுக்கு எங்கிருந்து பிடித்தது என்பது கூட வேலை பார்த்தவர்களுக்குத் தெரியாது. அது ஒரு மழை நாளில் பிடித்தது.

கேப்டன் மாதவராஜ் அரூர்க்காரர். இரண்டு பேரும் ஓட்டியது ஒரு சின்ன சரக்குக் கம்பெனியின் விமானம். அந்தக் கம்பெனி இப்போது இல்லை. பிரகாஷுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவரே மாதவராஜ்தான். "நம்ம பக்கத்துப் பையன்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். வேலைப் பேச்செல்லாம் இங்கிலீஷில் நடக்கும். மற்றதெல்லாம் ஊர்ப் பேச்சு: ஏரியில் தண்ணீர் வந்ததா, கிணறு ஊறியதா, போர்வெல் போட்டு எத்தனை அடிக்குப் போயும் புகைதான் வந்தது என்று. தருமபுரிக்காரர்கள் இரண்டு பேர் ஆகாயத்தில் போனாலும் தண்ணீரைப் பற்றித்தான் பேசுவார்கள்.

மேற்குக் கரையில் ஓர் ஊர், ஆடி மாசம், பகல் மூன்று மணி. மழை கொட்டுகிறது. விமானம் இறங்குகிறது, ஆனால் பின்காற்று தள்ளுகிறது, சக்கரம் தரையைத் தொடவில்லை. ஓடுபாதை பாதி போயிற்று. பிரகாஷ் பார்த்துவிட்டான். அவன் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை, கோ-அரவுண்ட். இறங்காதே, திரும்ப மேலே ஏறு, ஒரு சுற்று வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். இரண்டு பேரில் யார் சொன்னாலும் மற்றவர் கேட்டாக வேண்டும் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது. புத்தகத்தில் என்னதான் எழுதவில்லை! பக்கத்தில் இருப்பவர் மாதவராஜ் சார். வேலை கொடுத்தவர். பிரகாஷின் கல்யாணத்துக்கு ஒரு கூடை மாம்பழத்தைத் தலையில் சுமக்காத குறையாகத் தூக்கிக்கொண்டு கோயில் வாசலில் வந்து நின்றவர். அவரைப் பார்த்து, நீங்கள் செய்வது தப்பு என்று எந்த வாயால் சொல்வது?

"மழை நல்லாப் புடிச்சிருச்சுங்க சார்" என்றான்.

வேறு ஊர்க்காரராக இருந்தால் ஒருவேளை திடுக்கிட்டிருப்பார். மாதவராஜ் சிரித்தார். "ஆமா பிரகாசு. இதுல பாதி நம்மூர்ல பெஞ்சாப் போதும், ஏரி ரொம்பிக் கோடி போயிரும்" என்றார். அதற்குப் பிறகு ஏழு வினாடி. ஓடுபாதை முடிந்தது, வேலி போயிற்று, விமானத்தின் மூக்கு ஒரு பள்ளத்தில் குத்திக்கொண்டது. கேப்டன் அங்கேயே இறந்துபோனார். பிரகாஷுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. இனிமேல் விமானம் ஓட்ட உடம்பு லாயக்கில்லை என்று டாக்டர்கள் எழுதிவிட்டார்கள்.

விசாரணை அறிக்கையில் அவனைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. துணை பைலட் எச்சரித்ததாகத் தெரியவில்லை. அவ்வளவுதான். வைது ஒரு பக்கம் எழுதியிருந்தால்கூட அவனுக்கு ஆறியிருக்கும்.

ஆஸ்பத்திரிக்கு அண்ணன் பிலவேந்திரன் வந்தார். பிரகாஷைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால், லாரி ஓட்டி, தம்பியை பெங்களூர் வரை அனுப்பிப் பைலட்டாக்கிய மனுஷன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நீ சொன்னியாப்பா அவருகிட்ட?"

"சொன்னேண்ணா."

பொய் என்று சொல்ல முடியாது. என்ன சொன்னான் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. அண்ணன் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். டீக்கடையில், கோயில் வாசலில், துக்க வீட்டில், எங்கே பேச்சு வந்தாலும், "எந் தம்பி சொல்லியிருக்கான். அந்த மனுசன் காதுலயே வாங்கிக்கல" என்று சொல்வார். செத்தவர் மேல் பழி போய்ச் சேர்ந்தது. இருபத்திரண்டு வருஷமாகப் பிரகாஷ் அதைக் கேட்டுக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். வெட்கமாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது, ஒரு நாள் விட்டால் அப்புறம் அந்தப் பேச்சுக்கு நாள் கிடைப்பதில்லை.

லாரியை விட்ட பிறகு அண்ணன் ஒரு வேன் வாங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றுகிறார். பதினெட்டுப் பிள்ளைகள், நாலு ஊர். அறுபத்து மூன்று வயதிலும் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை. ஒரு நாள்கூட லேட் ஆனதில்லை என்று ஊரே சொல்லும். லீவில் வந்த இரண்டாம் நாள், பொம்மிடியில் மாத்திரை வாங்க வேண்டும் என்று பிரகாஷ் அந்த வேனில் ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்தான். முன்னால் இடப்பக்கம், கதவோரம், பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற குள்ளம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது. ஏழு வருஷமாக இதே வண்டி, இதே சீட்டு.

குள்ளம்மாள் வாய் ஓயாமல் பேசினாள். "யாரு இது, நம்ம மாயவன் பைக்கா? காலங்காத்தால எங்க இப்பிடிப் பறக்கறான்!" கொஞ்ச தூரம் போனதும், "அடியாத்தா, இந்தப் புளியமரம் ரோட்டு மேலயே வந்துருச்சு பாரு." அப்புறம், "இந்த ஆட்டுக்காரிக்கு வேற எடமே இல்லியா." பிள்ளைகள் சிரித்தார்கள். பிரகாஷும் முதலில் சிரித்தான். நல்ல பொழுதுபோக்கு என்று நினைத்தான். அப்புறம், சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. இருபது வருஷம் காதை வைத்தே பிழைத்தவன் அல்லவா? குள்ளம்மாள் சொன்ன எல்லாமே இடப்பக்கத்துச் சங்கதி. வலப்பக்கம் ஒரு திருவிழாக் கும்பலே போனது, அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவள் ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் அண்ணனின் ஸ்டியரிங் ஒரு விரல் அளவு வலப்பக்கம் நகர்ந்தது.

பொம்மிடியில் இறங்கி வண்டியைச் சுற்றிவந்து பார்த்தான். இடப்பக்கம் முழுக்க, பெயிண்டை மீறித் தெரிகிற கீறல்கள்.

அன்று சாயங்காலம் அண்ணன் களி சாப்பிடும்போது, பிரகாஷ் இடப்பக்கமாக நின்று கையை மெதுவாக அவர் முகத்தை நோக்கிக் கொண்டுபோனான். பைலட்டுகளுக்கு டாக்டர்கள் செய்கிற சோதனைதான். விரல் மூக்குக்கு நேராக வருகிறவரை அவருக்குத் தெரியவில்லை. "என்னாப்பா, ஈயா?" என்று கேட்டார். லைசென்ஸ் புதுப்பிக்கும்போது எழுத்துப் பலகையை நேருக்கு நேர்தான் காட்டியிருப்பார்கள். நேராகப் பார்ப்பதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. பதினெட்டுப் பிள்ளைகளும் ஒரு பொம்பளையின் ஊர் வம்பை நம்பிப் பள்ளிக்கூடம் போய்வருகிறார்கள்.

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அதுதான் கூத்து. அண்ணி வாசலில் கோழிக்கு அரிசி தூவிக்கொண்டு, "வண்டிய வித்துப்போட்டு ரெண்டு எருமை புடிச்சவங்கல்லாம் நல்லாத்தான் இருக்கறாங்க. என்ன சொல்ற நீ?" என்று கேட்பாள். கோழி ஒன்றும் சொல்லாது. அண்ணனும் ஒன்றும் சொல்லமாட்டார். குள்ளம்மாளைப் பிரகாஷ் தனியாகப் பிடித்துக் கேட்டான். "எனக்கென்னங்க தெரியும்? நான் சும்மா வாயி மூடத் தெரியாதவ" என்றாள். சொல்லிவிட்டு அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் வெளியே வருகிறபோது, குள்ளம்மாள் அவன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, முக்காட்டைச் சரிசெய்தபடி சொன்னாள். "நாளையிலருந்து ஒரு மாசம் நான் வண்டிக்கு வல்லீங்க. மவளுக்குப் பிரசவம், அரூருக்குப் போறேன். வேற ஆளு தேடிட்டு இருக்கறாங்களாம், கெடைக்கலியாம். பைலட்டு வூட்லதான இருக்கறீங்க?"

"வூட்லதாங்க."

"அதான் கேட்டேன்" என்று போய்விட்டாள். எவ்வளவு பெரிய சுமையை எவ்வளவு லேசாகத் தூக்கி அவன் தலையில் வைத்துவிட்டுப் போகிறாள் பாருங்கள்.

அன்று முழுக்க அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெங்களூரில் பயிற்சி வகுப்பில், நேராகச் சொல்வது எப்படி என்பதை அவன்தான் சொல்லிக்கொடுக்கிறான். இளம் பைலட்டுகளை எழுந்து நிற்கவைத்து, மூத்தவர்கள் முகத்தைப் பார்த்து, சுற்றி வளைக்காமல், உரக்கச் சொல்லவைப்பான். பத்துத் தரம், இருபது தரம். அவர்கள் சொல்வார்கள், கையெழுத்துப் போடுவார்கள், மத்தியானம் பிரியாணி சாப்பிடுவார்கள், போய்விடுவார்கள். அடுத்த மாதம் அவர்களில் ஒருவனின் ஒலிப்பதிவு வரும். "சார், காத்து கொஞ்சம் இருக்கிற மாதிரி இருக்கு." இதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவனுக்குக் காது, மனசு எல்லாம் தேய்ந்துபோனது.

சாயங்காலம் அண்ணன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். பிரகாஷ் போய் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். மனசுக்குள் வாக்கியத்தை நேராக்கி வைத்திருந்தான். வாயைத் திறந்தபோது வந்தது இதுதான்: "அண்ணா, தருமபுரில கண்ணு கேம்ப் போட்டிருக்கறாங்களாம்."

"போய்ப் பாத்துக்கப்பா" என்றார் அண்ணன் அக்கறையாக. "கம்ப்யூட்டரப் பாத்துப் பாத்து உங் கண்ணு கெட்டுக் கெடக்குது. நானே வண்டில கூட்டிட்டுப் போறேன்."

உள்ளேயிருந்து அண்ணி தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிரகாஷுக்குத் தன் மேலேயே அருவருப்பாக வந்தது. இவனெல்லாம் ஊருக்கு வகுப்பு எடுக்கிறான்.

திங்கட்கிழமை காலை ஏழே கால் மணிக்கு அண்ணன் வேனைக் கிளப்பினார். பிரகாஷ் ஓடிப்போய்க் கதவைத் திறந்து குள்ளம்மாளின் சீட்டில் உட்கார்ந்தான். "ஒரு மாசம் நானே வரேண்ணா, புள்ளைங்கள ஏத்தி எறக்க" என்றான். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து வருவது அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பிரகாஷுக்கு ஒரு கோழைத்தனமான யோசனை வந்தது. எதற்குச் சொல்ல வேண்டும்? குள்ளம்மாள் செய்ததைத் தானும் செய்தால் போயிற்று. ஒரு மாதம் ஓடட்டும். அப்புறம் அவள் வந்துவிடுவாள்.

"யாருண்ணா அது, சைக்கிள்ல போறவரு?" என்று ஆரம்பித்தான். ஸ்டியரிங் ஒரு விரல் நகர்ந்தது. "இந்தக் குச்சிக்கிழங்குக் காடு யாருதுங்க? ரோடு வரைக்கும் வந்துருச்சே." மறுபடி ஒரு விரல். "இந்தக் கரண்டுக் கம்பம் புதுசாங்க?"

"என்னாப்பா நீயி" என்று அண்ணன் சிரித்தார், "குள்ளம்மா ஆவி கீவி புடிச்சிக்கிச்சா?" பிரகாஷும் சிரித்தான். சிரித்துக்கொண்டே வியர்த்தான். இதை ஏழு வருஷம் அந்தப் பொம்பளை எப்படிச் செய்தாள்? பத்து நிமிஷத்திலேயே நாக்கு வறண்டுவிட்டது. விமானத்தில் கேப்டன் இடப்பக்கம் உட்காருவார். இப்போது மாதவராஜ் சார் உட்கார்ந்த பக்கத்தில் இவன் உட்கார்ந்திருக்கிறான்.

முதல் நிறுத்தம் பால் சொசைட்டி. பிள்ளைகள் இடப்பக்கம் ரோட்டோரமாக வரிசையில் நின்றார்கள். அண்ணன் வழக்கம்போல வண்டியை ஓரம் கட்டினார். வழக்கத்தைவிட அதிகமாகவே கட்டினார். வரிசைக்கு முன்னால், தார் ரோட்டின் மேலேயே, மணிமேகலை என்கிற ஒரு தாய் முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து தன் பெண்ணுக்கு ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். பிரகாஷ் பார்த்துவிட்டான்.

"பால் சொசைட்டிக்குப் புதுசா பெயிண்டு..." என்று தொடங்கினான். தொடங்கிய வாக்கியம் நீளமானது. அது முடிவதற்குள் வண்டி போய்ச் சேர்ந்துவிடும் என்று தெரிந்தது. வண்டியில் மழைச் சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது அவனுக்கு.

"நிறுத்து!"

பிறந்ததிலிருந்து அண்ணனிடம் அவன் அப்படி ஒருமையில் பேசியதில்லை. அண்ணன் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. வண்டி நின்றபோது பம்பருக்கும் மணிமேகலையின் முதுகுக்கும் ஒரு கை நீளம்தான் இருந்தது. அவள் திரும்பிப் பார்த்து, "வந்துட்டீங்களாங்ணா, இதோ ஆச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடி லேஸை இழுத்துக் கட்டினாள். அவளுக்கு ஒன்றுமே தெரியாது. பார்த்ததிலிருந்து சொன்னதுவரை நாலு வினாடி என்று பிரகாஷின் மனசு பாட்டுக்குக் கணக்குப் போட்டது. அந்தப் பழக்கத்தை அவன் அந்த நிமிஷம் சபித்தான்.

"என்னாடா சொன்ன?" என்றார் அண்ணன்.

"நிறுத்துன்னு சொன்னேன்." முழுதாக அவர் பக்கம் திரும்பினான். "அண்ணா, உங்களுக்குக் கண்ணு தெரியல. இந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல. அந்தப் பொண்ணு மேல ஏத்தப் பாத்தீங்க. இனிமே நீங்க வண்டி ஓட்டக் கூடாது. இன்னைக்கே, இப்பவே."

ஜன்னல் திறந்திருந்தது. சொசைட்டியில் பால் ஊற்ற வந்தவர்கள், பிள்ளைகளைக் கொண்டுவந்த தாய்மார்கள், எல்லோர் காதிலும் விழுந்தது. ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை. எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள். அதைத்தான் அண்ணன் பார்த்தார். ஒவ்வொரு முகமாக, கழுத்தை முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சாவியை எடுத்து டேஷ்போர்டு மேல் வைத்தார், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார், இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தார். ரோட்டின் வலப்பக்கமாகவே நடந்தார்.

பால் வண்டி ஓட்டுகிற வீரமணியிடம் லைசென்ஸும் பேட்ஜும் இருந்தன. அவன் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுவந்தான். பிரகாஷ் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டுப் பேசினான். எல்லாம் முடிந்து அவன் வீட்டுக்கு வரும்போது பன்னிரண்டரை மணி. இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலித்தது. சரியாகச் செய்துவிட்டோம் என்ற நிம்மதி வரும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பான். அப்படி ஒன்றும் வரவில்லை. அண்ணனைப் பத்துப் பேர் எதிரில் அவமானப்படுத்திவிட்டோம் என்ற துக்கம்தான் வந்தது.

அண்ணன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்துப் பெட்டி மேல் வைத்திருந்தார். பிரகாஷ் எதிரே உட்கார்ந்தான். அண்ணி இருவருக்கும் களி உருண்டையைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். யாரும் தொடவில்லை. அன்றைக்கு அவள் கோழியிடம்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.

அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். தம்பியைப் பார்க்கவில்லை. கரண்டியோடு நின்றிருந்த மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

"மிக்கேலு. அவங்கிட்டக் கேளு. அன்னைக்கு அந்த சாருகிட்டயும் இப்பிடித்தான் சொன்னானான்னு கேளு."

அண்ணி பிரகாஷைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாக அவனைத் தரையைப் பார்க்கவைத்த கேள்வி அது.

"இல்லைன்னு சொல்லுங்க அண்ணி" என்றான் பிரகாஷ். "மழை நல்லாப் புடிச்சிருச்சுங்க சார்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அவரு மேல ஒரு தப்பும் இல்ல, அவருக்கு நான் சொல்லவே இல்ல."

அண்ணனின் தாடை அசைந்தது. ஊரெல்லாம் அவர் சொல்லித் திரிந்தது ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்துபோனது. துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"இன்னைக்கு எங்கிட்டச் சொன்ன மாதிரி, மரியாத கிரியாத இல்லாம, அன்னைக்குக் கத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்னு கேளு."

பிரகாஷ் யோசிக்கவே இல்லை. இருபத்திரண்டு வருஷம் யோசித்தாயிற்று.

"கோச்சுக்கிட்டு இன்னைக்கு வரைக்கும் எங்கிட்டப் பேசாம இருந்திருப்பாருங்க அண்ணி" என்றான். "அரூர்ல, அவரு வூட்ல, உசுரோட இருந்திருப்பாரு."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. பெரிய ஆம்பளை, முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு அழுதான். அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அண்ணன் இடது கையை நீட்டித் தரையைத் தடவித் தண்ணீர்ச் சொம்பைத் தேடிப் பிடித்தார். அதைத் தம்பியின் தட்டுப் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"களி ஆறிப்போவுது" என்றார், மனைவியைப் பார்த்து. "தின்னச் சொல்லு அவன."